அத்தியாயம் 7: எஸ்பிரெசோவுக்குக் கைவைத்தியம்

இயந்திரம் வாங்கிய முதல் வாரத்திலேயே பலருக்கு வரும் சந்தேகம், மிஷினில்தான் ஏதோ கோளாறு என்பது. பெரும்பாலும் அப்படி இருக்காது. சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் எஸ்பிரெசோ சரியாக வராததற்கு முதல் காரணம் தூள். அடுத்தது இந்த ஊரின் ஈரக்காற்று. அதற்கடுத்து தூளை நிரப்பும் கை. இயந்திரத்தின் முறை கடைசியில்தான் வரும். இந்த அத்தியாயமும் அதே வரிசையில் போகிறது. திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரண்டு பொருள் இல்லாமல் எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. மற்றொன்று கைபேசியிலேயே இருக்கிறது: நிறுத்துகடிகாரம். கரண்டிக் கணக்கும் கண் திட்டமும் ஃபில்டர் காப்பிக்குப் போதும், இங்கே போதாது.

தொடங்குவதற்கு ஓர் அளவு: 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி, பம்பை அழுத்திய நொடியிலிருந்து 25 முதல் 30 நொடிக்குள். நீரின் சூடு 90 முதல் 96 டிகிரி செல்சியஸ். டெலாங்கி டெடிக்கா போன்றவற்றின் 51 மில்லிமீட்டர் பாஸ்கெட்டுக்கு 14 முதல் 16 கிராம் போதும். பிரெவில் பம்பினோவின் 54 மில்லிமீட்டர், காஜியா கிளாசிக்கின் 58 மில்லிமீட்டர் பாஸ்கெட்டுகள்தாம் 18 கிராம் கொள்ளும். சின்ன பாஸ்கெட்டில் திணித்து அடைத்தால் தூள் மேலே உள்ள சல்லடையில் இடித்துக்கொண்டு கலைந்துபோகும்.

பெட்டியின்மேல் 15 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தம். காப்பிக்கு 9 பார் அளவு போதும். இத்தாலியில் அக்கில்லே காஜியா 1940-களின் கடைசியில் நெம்புகோல் இயந்திரங்களைக் கொண்டுவந்து அழுத்தத்தைக் கூட்டிய பிறகுதான், இன்று நாம் கிரேமா என்று சொல்லும் பொன்னிற நுரை எஸ்பிரெசோவின்மேல் ஏறியது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைப்பை மாற்றினால் எடையை மாற்றாதீர்கள். எடையை மாற்றினால் அரைப்பைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றியவருக்குக் காப்பி தற்செயலாக நன்றாக வந்தாலும், எதனால் வந்தது என்பது தெரியாது. மறுநாள் அதை வரவழைக்கவும் முடியாது.

தூளைப் பாருங்கள்

ஃபேரர் பார்க் பக்கம் வீவக வீட்டில் இருக்கும் ஓர் அம்மா போனில் சொன்னார்: "தம்பி, பம்ப் உறுமுது, ஒரு சொட்டுகூட இறங்க மாட்டேங்குது. மிஷின் போயிடுச்சுபோல." போய்க் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே தூள் தூளாக இல்லை. கறுப்பாக, விரலில் இழுபடும் பசையாக இருந்தது. தேக்காவில் வாங்கிய பாக்கெட்டைத் திருப்பினால் காப்பி 60, சிக்கரி 40 என்று பின்பக்கம் அச்சடித்திருக்கிறது. பாஸ்கெட்டைக் கழுவி, கையோடு கொண்டுபோயிருந்த சிக்கரி இல்லாத தூளைப் போட்டதும் காப்பி இறங்கியது. "அப்ப இந்தத் தூள் வீணா தம்பி?" என்றார். "வீண் இல்லம்மா, அதைப் பித்தளை ஃபில்டர்லயே போடுங்க. அதுக்காகவே அரைச்ச தூள் அது."

நம் வீடுகளில் இதுதான் முதல் கோளாறு. சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் இனுலின் என்ற கரையும் நார்ச்சத்து நிறைய இருக்கிறது. வெந்நீர் பட்டதும் உப்பிப் பிசுபிசுக்கும். ஃபில்டரில் நீர் தன் எடையால் மெல்ல இறங்குவதால் அந்தப் பிசுபிசுப்பே டிகாஷனுக்குக் கெட்டித்தன்மை தருகிறது. எஸ்பிரெசோவில் அதே பிசுபிசுப்பை 9 பார் அழுத்தம் அமுக்கி, நீர் போக வழியில்லாமல் அடைத்துவிடுகிறது. காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும், கலந்த அளவைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். ஆகவே முஸ்தபாவிலோ பஃபலோ ரோட்டுக் கடைகளிலோ ஊர்த் தூள் வாங்கும்போது பின்பக்கத்தைப் படித்தால் விஷயம் தெரிந்துவிடும்.

சிக்கரியே இல்லாத ஃபில்டர் தூளிலும் சிக்கல் உண்டு. ஆனால் நேர் எதிரான சிக்கல். ஃபில்டருக்கான அரைப்பு எஸ்பிரெசோவுக்குப் பருமன். நீர் பத்து நொடியில் கொட்டிவிடும், காப்பி வெளுத்துப் புளிக்கும். உங்கள் பாஸ்கெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே நிறைய ஓட்டையும் வெளியே ஒரே ஓர் ஊசித்துளையும் இருந்தால் அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். அழுத்தத்தை அந்த ஊசித்துளையே உண்டாக்கிக்கொள்வதால் கடைத் தூளையும் சமாளிக்கும். வெளியேயும் நிறைய ஓட்டை இருந்தால் ஒற்றைச் சுவர். அதற்கு அந்தந்த வேளைக்கு அரைத்த தூள் கட்டாயம் வேண்டும். கிரைண்டர் வாங்கும்வரை இரட்டைச் சுவரிலேயே இருங்கள். அதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

மிக்ஸியில் அரைக்க வேண்டாம். பிளேடு பாதியை மாவாக்கிப் பாதியைக் குருணையாக விட்டுவிடும். மாவு கசக்கும், குருணை புளிக்கும், இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும். இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கும் பர் கிரைண்டர்தான் வேண்டும். கையால் சுற்றும் நல்ல கிரைண்டர், மலிவான மின் கிரைண்டரைவிட எஸ்பிரெசோவுக்கு நன்றாக உழைக்கும். கையில் இருக்கும் பணத்தில் எதற்கு அதிகம் ஒதுக்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் கிரைண்டர்தான்.

காப்பிக்கடையில் விற்கும் கோப்பிக் கொட்டையையும் கிரைண்டரில் போடாதீர்கள். மரபான கோப்பி, பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. துணி வடிகட்டியில் ஊற்றி இறக்க அது அருமையானது. ஆனால் உருகி உறைந்த சர்க்கரை பற்சக்கரத்தில் ஒட்டி இறுகிவிடும். கொட்டை போட்டால் தானே அரைத்துக் காப்பி தரும் தானியங்கி இயந்திரங்களில் கழற்றிச் சுத்தம் செய்யவும் வழியிருக்காது. சர்க்கரை பூசிய கொட்டை கூடாது என்று அவற்றின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

கொட்டையை வறுத்த தேதி பார்த்து வாங்குங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால், டிர்விட் ரோட்டில் 2012-ல் பழைய ஹார்டுவேர்க் கடைக் கட்டடத்தில் தொடங்கிய சை செங் ஹுவாட் ஹார்டுவேர் இருக்கிறது. எவர்ட்டன் பார்க்கில் நைலான் இருக்கிறது. இத்தகைய கடைகளின் பையில் வறுத்த தேதி இருக்கும். வறுத்து ஒன்றிரண்டு வாரம் ஆன கொட்டை எஸ்பிரெசோவுக்குத் தோது. வறுத்த மூன்றாம் நாளே போட்டால் உள்ளே இருக்கும் கரியமிலவாயு நுரைத்துத் தள்ளும்; கோப்பை பார்க்க நிறைவாக இருக்கும், குடித்தால் ஒன்றும் இருக்காது. மாதக்கணக்கில் கிடந்த கொட்டையில் நுரையே வராது. நுரையை வைத்துக் காப்பியின் தரத்தை முடிவு செய்யாதீர்கள். ரோபஸ்டா கலந்தால் நுரை தானாகவே கூடும்.

நாக்கு சொல்வதைக் கேளுங்கள்

அளவும் நேரமும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் ருசிதான் வழிகாட்டி. நாக்கின் ஓரம் கூசுகிற மாதிரி புளித்தால் காப்பி போதுமான அளவு இறங்கவில்லை. அரைப்பை ஒரு படி நைசாக்குங்கள், அல்லது அதே தூளில் 36-க்குப் பதில் 40 கிராம் இறக்குங்கள். தொண்டையில் கசப்பு தங்கி வாய் வறண்டால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. அரைப்பைப் பருமனாக்குங்கள், அல்லது 32 கிராமில் நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீர் தூளுக்குள் சீராகப் போகவில்லை என்று பொருள். அதற்கு மருந்து கையில் இருக்கிறது, அடுத்து வருகிறது.

புளிப்பெல்லாம் கோளாறு இல்லை. மேற்சொன்ன மாதிரிக் கடைகளில் இளவறுப்பாக வரும் எத்தியோப்பிய, கென்யக் கொட்டைகளில் பழப்புளிப்பு இருக்கத்தான் செய்யும். அதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸில் டம்ளர்-டபராவில் குடித்துப் பழகிய நாக்குக்கு அது ஒத்துவராவிட்டால், கொட்டையை மாற்றுங்கள், இயந்திரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். சிக்மகளூர் அராபிகாவோ மான்சூன்ட் மலபாரோ நடுத்தரத்துக்குச் சற்றுக் கூடுதலான வறுப்பில் கிடைத்தால், புளிப்பு அடங்கி, பாலோடு சேரும்போது நமக்குப் பழகிய பக்கம் வந்துவிடும். சிக்கரியின் அந்தக் கரிய இனிப்பும் கெட்டித்தன்மையும்தான் வேண்டும் என்பவருக்கு எஸ்பிரெசோ எந்நாளும் திருப்தி தராது. அவர் ஃபில்டரைக் கைவிட வேண்டியதில்லை.

நைசாக அரைக்க அரைக்கக் காப்பி நன்றாக வரும் என்ற நினைப்பும் சரியில்லை. வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் கணித வல்லுநர்களும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு, ஓர் அளவுக்குமேல் நைசாக்கினால் தூளின் சில பகுதிகள் அடைத்துக்கொண்டு, இறங்கும் சாரம் குறைந்துவிடும் என்று காட்டியது. 45 நொடி ஆகியும் காப்பி புளித்தால் காரணம் இதுதான். அப்போது பருமனாக்கிப் பாருங்கள், தயங்காமல்.

ஈரக்காற்று

இந்த ஊரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. விடிவதற்கு முன் 90-ஐத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். காப்பித்தூள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். ஈரம் ஏறிய தூளில் நீர் பெரும்பாலும் மெதுவாக இறங்கும். அதனால்தான் நேற்றுப் பிற்பகல் 27 நொடியில் வந்த காப்பி, இன்று காலை ஆறு மணிக்கு அதே கொட்டை, அதே அரைப்பு, அதே எடையில் 34 நொடி ஆகிறது. கிரைண்டர் கெடவில்லை. ஒரு படி பருமனாக்கினால் சரியாகிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் டிசம்பர், ஜனவரியில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். ஏர்கான் ஓடும் திறந்த சமையலறை என்றால் கதை மாறும்: தூள் உலர்ந்து ஓட்டம் வேகமாகும், கிரைண்டர் வாயில் நிலைமின்னால் தூள் பறந்து ஒட்டும். அரைக்கும் முன் கொட்டையில் ஒரு துளி தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் அது அடங்கிவிடும். வீட்டில் காப்பி போடுகிறவர்கள் நெடுநாளாகச் செய்துவரும் வேலை இது. ஹெண்டன் குழுவின் 2023 ஆய்வு அது பலிக்கும் காரணத்தை விளக்கியது.

கிரைண்டரின் மேல்தொட்டியில் கொட்டையை நிரப்பி வைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அந்தந்தக் கோப்பைக்கு எடை போட்டு அரைப்பதே நல்லது. மீதி, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டான அலமாரியில் இருக்கட்டும். திறந்த பாக்கெட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் 30 டிகிரிக் காற்று பட்டுக் கொட்டையின்மேல் நீர் வியர்க்கும். இரண்டு வாரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டுமானால் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் காற்றில்லாமல் கட்டி உறைபெட்டியில் போடுங்கள். எடுத்த பொட்டலம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

கை

அடிப்பக்கம் திறந்த கைப்பிடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்கெட்டின் அடி முழுவதும் கண்ணில் படும். நல்ல காப்பி முதலில் ஓரங்களில் கரும்புள்ளிகளாகத் தோன்றி, நடுவில் சேர்ந்து, நல்லெண்ணெய் ஊற்றுவது போல ஒரே இழையாக இறங்கும். பிறகு மெல்ல வெளிறும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்து ஓடினாலோ, மெல்லிய கம்பியாகப் பீய்ச்சிச் சட்டையில் தெறித்தாலோ, நீர் தூளுக்குள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த வழியில் உள்ள தூள் சக்கையாகும், மற்றது நனைந்தபடி சும்மா கிடக்கும். புளிப்பும் கசப்பும் ஒரே வாயில் வருவது அப்போதுதான்.

குறுக்குவழி உண்டாவது தூள் கட்டி தட்டியிருப்பதால். நம் ஊர் ஈரத்தில் கட்டி நிறையவே விழும். 0.4 மில்லிமீட்டர் கனமுள்ள ஊசிகள் நான்கைந்தை ஒரு கார்க்கில் செருகி, அடியிலிருந்து மேல்வரை வட்டமாகக் கிளறி, மேல்மட்டத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு டாம்பரால் அழுத்துங்கள். எவ்வளவு பலமாக என்பதைவிட எவ்வளவு சமமாக என்பதே முக்கியம். மேடை உயரம் தோதாக இல்லாமல் தோளைச் சாய்த்து அழுத்துபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். முழங்கை டாம்பருக்கு நேர்மேலே வரும்படி நின்றாலே பாதி சரியாகும். அழுத்திய பிறகு கைப்பிடியின் விளிம்பை எங்கேயும் தட்டாதீர்கள்.

காப்பி இறங்கியபின் சக்கை சொதசொதவென்று இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். தூள் சற்றுக் குறைந்திருக்கலாம், அல்லது இயந்திரத்தில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு இல்லாதிருக்கலாம். கோப்பையில் ருசி சரியாக இருந்தால் சக்கையை விட்டுவிடுங்கள்.

தண்ணீரும் பாலும்

சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரோடு வாழ்ந்தவர்களுக்கு உப்புப் படிவம் என்றாலே பயம். இங்கே குழாய்நீர் பொதுவாக மென்னீர். படிவம் மெதுவாகத்தான் சேரும். ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமிநாசினியாகக் குளோரமின் சேர்க்கிறது. அந்த வாசனை மென்மையான காப்பியில் தலைகாட்டலாம். கரி வடிகட்டி உள்ள ஜாடியில் ஊற்றி எடுத்தால் போகும். காய்ச்சி வடித்த வாலைநீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தாதுவே இல்லாத நீரில் காப்பி சப்பென்று இருக்கும்; சில இயந்திரங்களின் நீர்மட்ட உணரிக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாது. படிவம் நீக்கும் விளக்கு எரிந்தால் கையேடு சொல்லும் கரைசலைப் பயன்படுத்துங்கள். கையேடு அனுமதித்தால் எலுமிச்சை உப்பும் ஆகும். வினிகர் வேண்டாம், வாடை ரப்பரில் தங்கிவிடும்.

பால் நுரைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் அது போதுமான அளவு சில்லென்று இல்லாததே. நம் சமையலறைச் சூட்டில் எஃகு ஜாடி வெதுவெதுப்பாகவே இருக்கும். அதையும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கொழுப்பு நீக்காத புதுப்பால் எடுத்து, நீராவிக் குழாயின் நுனி பால்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க, முதல் சில நொடி காற்றை உள்ளே விடுங்கள்; பிறகு நுனியை ஆழமாக இறக்கிப் பாலைச் சுழல விடுங்கள். உள்ளங்கை தாங்காத சூடு வந்ததும் நிறுத்தினால் 60 டிகிரி பக்கத்தில் இருக்கும். 70-ஐத் தாண்டினால் காய்ச்சின வாடை வரும், நுரை தளரும். ஆவி பறக்கக் குடித்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பாலைக் கூடுதலாகச் சுட வைப்பதற்குப் பதில் டம்ளரை வெந்நீரில் சூடாக்கிக்கொள்ளுங்கள். குழாயை உடனே ஈரத்துணியால் துடைத்து ஒருமுறை ஆவியை வெளியே விடுங்கள். துளையில் பால் காய்ந்துபோனால் ஆவி பலமிழக்கும், எறும்பும் தேடி வரும்.

கடைசியில்தான் இயந்திரம்

பம்ப் ஓசை மாறி, தண்ணீர் வரவில்லையா? தொட்டி காலியானபோது காற்று புகுந்திருக்கும். தொட்டியை நிரப்பி அழுத்தி உட்காரவைத்து, நீராவிக் குழாயையோ வெந்நீர்க் குழாயையோ திறந்து பம்பை ஓடவிட்டால் காற்று வெளியேறும். கைப்பிடியின் ஓரத்தில் நீர் கசிந்தால் முதலில் விளிம்பில் ஒட்டிய தூளைத் துடையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ரப்பர் வளையம் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும். காப்பி ஆறிப்போய் வந்தால், தூளில்லாமல் ஒருமுறை வெந்நீரை இறக்கிக் கைப்பிடியைச் சூடாக்குங்கள். மூன்று நொடியில் தயார் என்று சொல்லும் இயந்திரத்திலும் கைப்பிடி குளிர்ந்துதான் இருக்கும். காஜியா கிளாசிக் போன்ற கொதிகலன் வகைக்குப் பதினைந்து இருபது நிமிடம் கொடுங்கள்.

பழைய எண்ணெய் வாடை வந்தால் மேல்சல்லடையைக் கழற்றித் தேயுங்கள். ஓட்டையில்லாத பாஸ்கெட்டும் சுத்திகரிப்புப் பொடியும் போட்டு நீரைப் பின்னோக்கித் தள்ளும் முறை, மூவழி வால்வு உள்ள இயந்திரங்களுக்கு மட்டும்தான். இருக்கிறதா என்று கையேட்டைப் பார்க்காமல் செய்யாதீர்கள்.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். இங்கே 230 வோல்ட், மூன்று முனைச் சதுர பிளக். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் இயந்திரத்தை வெறும் அடாப்டர் வழியாகச் செருகினால் எரிந்துவிடும். சோற்றுப்பானையோடு ஒரே நீட்சிப்பெட்டியில் சேர்க்காமல் சுவர்ச் செருகியிலேயே போடுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் கோளாறு இருந்தால், வாங்கிய ரசீதைத் தேடுங்கள். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை, தரும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். அப்படியில்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இயந்திரத்தை நீங்களே பிரித்திருந்தால் அந்தப் பேச்சு கடினமாகிவிடும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போவதற்கு முன் தொட்டியையும் சொட்டுத் தட்டையும் கொட்டிக் கவிழ்த்து, துடைத்து உலர்த்திவிட்டுப் போங்கள். தட்டில் பூஞ்சை பிடிக்கும் என்பதோடு, தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஏழு நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடு வீடாக வந்து பார்ப்பது இதைத்தான். கிரைண்டரில் மிஞ்சிய தூளைத் தூரிகையால் தட்டி எடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் ஒரு தொட்டி நீரைக் குழாய்கள் வழியாக ஓடவிட்டு, முதல் கோப்பையைக் கொட்டிவிட்டு, அரைப்பை மறுபடி முதலிலிருந்து சரிபாருங்கள்.